சட்டப்படி பறக்கும் விமானம்

ஒவ்வொரு டிசம்பரிலும் வாஷிங்டனில் ராணுவச் செலவுச் சட்டம் நிறைவேறிய மறுநாள், செனட்டர் கார்லண்ட் விட்காம்பின் அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு பட்டியல் வரும். அந்தச் சட்டத்தால் எங்கள் மாநிலத்துக்கு என்னென்ன கிடைத்தது என்ற பட்டியல். அதைத் தளத்தின் செய்தித்தாளுக்கு ஏற்ற கட்டுரையாக மாற்றுவது என் வேலை. நெப்ராஸ்காவில், சோளக் காட்டுக்கு நடுவே இருக்கும் டோரன்ஸ் விமானத் தளத்தில் செய்திப் பிரிவு சார்ஜென்டாகப் பத்தொன்பது வருடம் குப்பை கொட்டியவன் நான். "மகத்தான வெற்றி" என்று நான் எழுதாத டிசம்பர் கிடையாது.

ஒரு வருடம் எங்களுக்கு நாய்க்கொட்டில் கிடைத்தது. பன்னிரண்டு நாய்கள் தங்கலாம். தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடும். எங்கள் தளத்தில் ஒரு நாயும் இல்லை. செனட்டர் அலுவலகத்தைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, நாய்களை அடுத்த வருடச் சட்டத்தில் கேட்டுக்கொள்ளலாம் என்றார்கள். இன்னொரு வருடம், எங்களிடம் இல்லாத ஒரு போர் விமானத்தை ஓட்டப் பழகுவதற்கான பயிற்சி எந்திரம் வந்து இறங்கியது. தளத்தின் தலைவர் கர்னல் ஸ்ட்ரூவ் அதற்கு ரிப்பன் வெட்டினார். பிறகு பூட்டி வைத்தோம். சாவி ஒமாஹாவில் யாரிடமோ இருப்பதாகக் கேள்வி.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே எழுதினேன். நாய் இல்லாத கொட்டிலால் யாருக்கும் உயிர் போகப் போவதில்லை. எட்டாவது விமானத்தின் கதை அப்படியல்ல.

எங்களிடம் இருப்பவை எட்டு சரக்கு விமானங்கள். நான்கு எஞ்சின், தடித்த வயிறு, ஓட்டுகிறவர்களைவிட வயது அதிகம். இரண்டு ரொம்பவும் தேய்ந்துவிட்டன, ஓய்வு கொடுத்துவிடுகிறோம், ஆறு போதும் என்று தலைமையகம் மரியாதையாக எழுதிக் கேட்டது. இரண்டு விமானம் என்றால் டோரன்ஸ் ஊருக்கு நூறு குடும்பம். பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பு மூடப்படும், மளிகைக் கடைகளில் ஒன்று மூடப்படும். ஊர் அலறியது. செனட்டர் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார். டோரன்ஸ் தளத்தில் பறக்கத் தகுந்த விமானங்கள் எட்டுக்குக் குறையக்கூடாது. மார்ச் முப்பத்தொன்றுக்குள் தளத்தின் தலைவர் இதை எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். தவறினால் தலைமையகம் தன் விருப்பப்படி செய்துகொள்ளலாம். ஊர் உணவகத்தின் வாசலில் "எட்டுக்குக் குறையாது" என்று துணி கட்டினார்கள். நான் மகத்தான வெற்றி என்று எழுதினேன்.

ஜனவரி இரண்டாம் வாரம் டுவேன் வாவ்ரா எட்டாவது விமானத்தில் ஒரு விரிசலைக் கண்டுபிடித்தார்.

டுவேன் எங்கள் தளத்தின் பரிசோதகர். இருபத்தாறு வருட சர்வீஸ். ஒரு நாளைக்கு நாற்பது வார்த்தை பேசினால் அதிகம். இடது இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் ஒரு உலோகப் பிடிப்பு இருக்கிறது. அதில் தலைமுடி அகலத்துக்கு, சுண்டுவிரல் நீளத்துக்கு விரிசல் ஓடியது. அவர் கீழே இறங்கி, விமானத்தின் படிவத்தைத் திறந்து, சிவப்புப் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

எங்கள் தொழிலில் அந்தக் குறிக்கு ஒரு மரியாதை உண்டு. சிவப்புக் குறி போட்ட விமானம் நகரக்கூடாது. பழுது நீங்கிய பிறகு, அதற்கென்று பயின்று அதிகாரம் பெற்ற ஒருவர் தன் கண்ணால் பார்த்து, கையெழுத்துப் போட்டால்தான் அந்தக் குறி தீரும். கர்னலால் முடியாது. நாலு நட்சத்திர ஜெனரல் வந்தாலும் முடியாது. எங்கள் தளத்தில் அந்த அதிகாரம் டுவேன் ஒருவருக்குத்தான் இருந்தது.

மாற்றுப் பிடிப்பு வாங்கலாம் என்றால், அதைச் செய்த தொழிற்சாலை மூடிப் பதினொரு வருடம் ஆகிறது. அந்தக் கட்டடத்தில் இப்போது குழந்தைகள் பிறந்தநாளுக்கு வந்து வலைமேல் குதித்து விளையாடுகிறார்கள். புதிதாகச் செய்து தரப் பதினான்கு மாதம் ஆகும் என்றார்கள். மார்ச் முப்பத்தொன்றுக்கு மீதி இருந்தது பதினொரு வாரம்.

கர்னல் டுவேனைக் கூப்பிட்டார். படம் எடுக்க நானும் போயிருந்தேன். என்ன படம் என்று யாருக்கும் தெரியவில்லை.

"டுவேன், உன்னைப் பொய் சொல்லச் சொல்லல," என்றார் கர்னல். "நான் அந்த மாதிரி ஆளே கிடையாது. இன்னொரு தடவை பாருன்னுதான் சொல்றேன். கொஞ்சம் நல்ல மனசோட பாரு."

டுவேன் போய் நல்ல மனதோடு பார்த்தார். விரிசல் ஒரு அரிசி அளவு வளர்ந்திருந்தது. அதையும் படிவத்தில் எழுதினார். இனிமேல் பார்க்க வேண்டாம் என்று கர்னல் சொல்லிவிட்டார்.

பக்கத்து மாநிலத்திலிருந்து இன்னொரு பரிசோதகரை வரவழைத்தார்கள். அவர் இருபது நிமிடம் மேலே இருந்தார். இறங்கி வந்து, டுவேனின் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார். டுவேனின் தங்கை கேரல் கொடுத்தனுப்பிய பழம் வைத்த கொலாச்சி ரொட்டியில் இரண்டைத் தின்றுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார். ஒரு கையெழுத்தை அழிக்கப் போய் இரண்டானது.

அதற்கு மேல் கமிட்டிதான். பதினொரு பேர், மூன்று வாரம். வெளியே காற்று அதிகம் என்பதால் ஒருவரும் விமானத்தைப் போய்ப் பார்க்கவில்லை. விரிசல் என்ற சொல் மக்களிடையே தேவையற்ற கலக்கத்தை உண்டாக்குகிறது, இனி அதை "நீளவாட்டு அடையாளம்" என்று குறிப்பிட வேண்டும் என்பது முதல் முடிவு. நூற்று நாற்பது பக்க அறிக்கையின் கடைசியில், அடையாளம் வளர்வது உண்மைதான், ஆனால் அதன் வளர்ச்சி சீராக இருப்பதால் கவலைப்பட ஏதுமில்லை என்று எழுதியிருந்தார்கள். அந்த வாக்கியத்தை நான் கட்டம் கட்டிப் போட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஊரும் சும்மா இருக்கவில்லை. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் எங்கள் ஊர் மாதா கோவிலின் நிலவறையில் மீன் வறுவல் போடுவார்கள். மொத்த ஊரும் தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நிற்கும். டுவேன் வந்து நின்றதும் பேச்சு நின்றது. அவர் தட்டில் மீன் வைத்த பெண்மணி வாலாகப் பார்த்து வைத்தார். உட்காரப் போன மேசையில் இருந்தவர்கள் ஆள் வருகிறது என்று காலி நாற்காலியில் தங்கள் குளிர்கோட்டைக் கழற்றிப் போட்டார்கள். இரும்புக் கடைக்காரர் மட்டும் எழுந்து வந்து தோளில் கை போட்டார்.

"ஒரு பேனாக் கோடு டுவேன். ஒரே ஒரு கோடு. நூறு குடும்பம் பொழைக்கும்."

"கோடு போட்டாச்சு," என்றார் டுவேன். "நீங்க அதை அழிக்கத்தான் சொல்றீங்க."

நின்றபடியே மீனைத் தின்று முடித்து, தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போனார்.

அவருடைய பிடிவாதத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. எங்கள் மாதிரி மாநிலப் படைப்பிரிவில் பாதிப்பேர் ஒருவருக்கொருவர் சொந்தம். அப்பா சமையலறையில் இருப்பார், மகள் எஞ்சின் கழற்றுவாள். கேரலின் மகள் டெஸ் நோவாக் எங்கள் பைலட், கேப்டன். தளத்தின் கேட்டுக்குள் நுழைந்துவிட்டால் டுவேன் அவளுக்கு சல்யூட் அடித்து "மேடம்" என்பார். அவள் "சார்ஜென்ட்" என்பாள். கேட்டைத் தாண்டியதும் அவள், "மாமா, அந்தத் தொப்பியத் தூக்கிக் குப்பையில போடுங்க, எலி கடிச்ச மாதிரி இருக்கு," என்று ஆரம்பிப்பாள். அவள் படையில் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கேட்டு விதியை இருவரும் மீறி நான் பார்த்ததில்லை. எட்டாவது விமானத்தை வழக்கமாக ஓட்டுகிறவள் டெஸ்தான்.

மார்ச் முதல் வாரம் செனட்டர் அலுவலகத்திலிருந்து ப்ரெஸ்டன் வந்தான். இருபத்தேழு வயது. பனியில் நடக்கவே முடியாத ஷூ போட்டிருந்தான். விமானத்தை அவன் ஏறிட்டும் பார்க்கவில்லை, படிவத்தைத்தான் கேட்டான். சிவப்புக் குறியை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தான்.

"வேற கலர்ல போட முடியாதா?" என்று கேட்டான்.

முடியாது என்றார் டுவேன். அப்படியானால் இதை யாரால் எடுக்க முடியும் என்று அவன் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போனான். கர்னலா, இல்லை. கவர்னரா, இல்லை. ராணுவ மந்திரியா, இல்லை. ஜனாதிபதியா என்றதற்குக்கூட டுவேன் கொஞ்சம் யோசித்துவிட்டு, அவர் பரிசோதகர் பயிற்சி எடுத்திருந்தால் முடியும் என்றார்.

"சரி, காங்கிரஸ்?" என்று கடைசியில் சட்டம் போடும் சபைக்கே வந்துவிட்டான்.

டுவேனுக்குப் பொய் வராது. தெரியாததைத் தெரியும் என்று சொல்லவும் வராது. அதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

"அவங்க இதுவரைக்கும் கேட்டதில்ல. எனக்குத் தெரியாது," என்றார்.

ப்ரெஸ்டன் அதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டான்.

பன்னிரண்டு நாள் கழித்து வாஷிங்டனில் புயல் நிவாரண அவசரச் சட்டம் ஒன்று தொண்ணூற்றொன்றுக்கு ஏழு என்ற வாக்கில் நிறைவேறியது. அதன் ஆயிரத்து முந்நூற்று இரண்டாம் பக்கத்தில் ஒரு பத்தி இருந்தது. எந்தப் படிவத்தில் எந்த நிறத்தில் எந்தக் குறி இருந்தாலும், டோரன்ஸ் தளத்தின் எட்டாவது விமானம், அதன் இன்றைய நிலை எதுவாயினும், இனி வரப்போகும் நிலை எதுவாயினும், பறக்கத் தகுந்ததாகவே கருதப்படும்.

ப்ரெஸ்டன் எனக்குப் போன் செய்தான். "இனி வரப்போகும் நிலை" என்பது தன் சொந்த யோசனை என்றான். விரிசல் வளர்ந்தால் மறுபடி சட்டம் போட அலைய வேண்டியதில்லை அல்லவா. அந்தப் பத்தியை அச்செடுத்து, சிவப்புக் குறிக்கு மேலே கிளிப் போட்டுச் சொருகினார்கள். குறியை யாரும் அழிக்கவில்லை. அழிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை.

டுவேன் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இந்தச் சட்டம் வந்தது அந்த விரிசலுக்குத் தெரியுமா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நிஜமாகவே என்னிடம் ஒரு பதில் இருக்கும் என்று எதிர்பார்த்து நின்றார்.

விழா மார்ச் இருபத்தெட்டு, சனிக்கிழமை. எட்டு விமானங்களும் வரிசையாகப் பறந்து மேடையைக் கடக்க வேண்டும். செனட்டர் எண்ண வேண்டும். கர்னல் உறுதிக் கடிதத்தில் கையெழுத்திட வேண்டும். ஓடுதளத்தின் ஓரத்தில் மேடை, கொடிகள், பள்ளிக்கூட பேண்டு. இரண்டாயிரம் பேர் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

டெஸ் எட்டாவது விமானத்தின் படிக்கட்டருகே நின்று படிவத்தைத் திறந்தாள். பைலட் ஏறுமுன் படிவத்தைப் படித்தே ஆக வேண்டும். கிளிப்பைத் தூக்கி அடியில் இருந்த குறியைப் பார்த்தாள். இரண்டு கையெழுத்தையும் பார்த்தாள். டுவேன் நாலடி தள்ளி விறைப்பாக நின்றார். நான் காமிராவோடு பக்கத்தில் இருந்தேன்.

"மாமா," என்றாள்.

கேட்டுக்குள்ளே அவள் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"இன்னிக்கு ஒரு நாள் தாங்குமா?"

"தெரியாது," என்றார் டுவேன். "ஏறாத. உடம்பு சரியில்லன்னு சொல்லிடு."

"சொன்னா எனக்குப் பதிலா அந்த பைலட் பையன் கைலை ஏத்துவாங்க. காலையிலேயே அவனைத் தயாரா நிக்கச் சொல்லியாச்சு. அவனுக்குக் கல்யாணமாகி நாலு மாசம். கூட்டத்தைப் பார்த்தா இழுத்து ஒடிச்சுத் திருப்புவான். நான்னா மெதுவா கொண்டுபோவேன்."

டுவேன் இறக்கையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு வேகமாகப் பேசினார். ஒரு மாதத்துக்கு வைத்திருந்த வார்த்தைகள் அத்தனையும் அந்த ஒரு நிமிடத்தில் வந்தன.

"இறக்கை நுனியில இருக்கிற எரிபொருளத் தொடாத. கடைசி வரைக்கும் அப்படியே இருக்கட்டும், அந்தக் கனம் இறக்கைய மேல வளைய விடாது. பதினஞ்சு டிகிரிக்கு மேல சாய்க்காத. மத்தவங்க திரும்பறாங்கன்னு நீ திரும்பாத. வரிசை கலைஞ்சா கலையட்டும். இறங்கறப்போ பூ மாதிரி இறங்கு. கேட்டுச்சா?"

"கேட்டுச்சு மாமா."

அவள் ஏறினாள். அவளோடு நாலு பேர் ஏறினார்கள்.

விமானங்கள் கிளம்பியபோது செனட்டர் பேசிக்கொண்டிருந்தார். வெள்ளை முடி, நல்ல குரல், பேப்பர் பார்க்காமல் பேசுவார்.

"சில பேர் உண்மையைப் பார்த்ததும் பயந்துடறாங்க," என்றார். "நான் பயப்படறதில்ல. முப்பது வருஷமா எந்த உண்மையையும் இந்த மாநிலத்துக்குக் குறுக்க நிக்க விட்டதில்ல. அதோ, அந்த எட்டாவது விமானம். இது பறக்காதுன்னு படிச்சவங்க சொன்னாங்க. இன்னிக்கு இதைப் பறக்க வெச்சது எஞ்சின் இல்ல, அருமை மக்களே. தொண்ணூத்தொரு ஓட்டு."

கைதட்டல் அடங்க வெகு நேரமானது. டுவேன் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வானத்தையே பார்த்தபடி நின்றார். ஏழு விமானங்கள் தளத்தைச் சுற்றி ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பின. எட்டாவது திரும்பவில்லை. அது சோளக் காடுகளுக்கு மேலே நேராகப் போய், கண்ணுக்குச் சிறுத்து, எங்கேயோ அகலமாக ஒரு வட்டம் போட்டது. பேண்டு நின்றது. டுவேனின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. ஜெபமா எண்ணிக்கையா தெரியவில்லை. அந்தப் பொட்டுப் பெரிதாகி, எஞ்சின் சத்தம் கேட்டு, மற்றவற்றுக்கு நான்கு நிமிடம் பின்னால் மேடையைக் கடந்தது. செனட்டர் "எட்டு" என்று விரலைக் காட்டினார். கம்பீரமாக ஓட்டினாள் என்று பின்வரிசையில் பேசிக்கொண்டார்கள்.

அது தரையைத் தொட்டதும் டுவேன் மண்டியிட்டுவிட்டார். ஷூ நாடா கட்டுகிறவர் போல அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார்.

கூட்டம் கலைந்த பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு மேலே ஏறினார். என்னையும் கூப்பிட்டார். சுண்டுவிரல் நீளம் இருந்த விரிசலின் மேல் தன் கையை வைத்துக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை அது ஓடியிருந்தது. பத்தொன்பது நிமிடப் பறத்தலில், பூ மாதிரி ஓட்டியதில், இவ்வளவு.

கீழே கர்னல் கடிதத்தில் கையெழுத்திட்டுவிட்டு அடுத்த வாரப் பட்டியலை ஒட்டிக்கொண்டிருந்தார். விமானம் பறக்கத் தகுந்தது என்றால் மற்ற ஏழு விமானங்களைப்போல அதுவும் பயிற்சி நேரத்தை முடித்தாக வேண்டும். செவ்வாய்க்கிழமை, எட்டாவது விமானம், முழுச் சுமை, தாழ்வாகப் பறந்து கூர்மையாகத் திரும்பும் பயிற்சி. கேப்டன் நோவாக், உடன் நால்வர்.

டுவேன் விரிசலின் அளவைச் சொன்னார். ஒரு தடவையாவது மேலே ஏறி வந்து பார்க்கச் சொன்னார். கர்னல் கண்ணை மூடிக்கொண்டார்.

"எனக்கு மட்டும் கண் இல்லையா டுவேன்? பார்த்தா எனக்குத் தெரிஞ்சுபோகும். தெரிஞ்சா நான் கடிதத்த வாபஸ் வாங்கணும். இப்போ அது பறக்கணும்னு சட்டம் சொல்லுது. சட்டத்த நிறுத்த எனக்கு ஏது அதிகாரம்?"

நியாயமாகச் சொன்னால் அந்த ஆளும் கெட்டவரல்ல. ஊரில் அவருக்கும் மகன் படிக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை டுவேன் கேரல் வீட்டுக்குப் போயிருக்கிறார். டெஸ்ஸிடம் திரும்பவும் கெஞ்சியிருக்கிறார். அவள் திரும்பவும் கைலின் பெயரைச் சொல்லியிருக்கிறாள்.

திங்கட்கிழமை காலை எட்டாவது விமானத்தின் எரிபொருள் முழுவதையும் டுவேன் வெளியே எடுத்தார். அதற்கான படிவத்தை முறைப்படி நிரப்பினார். விமானம் நிற்கும் ஹேங்கர் கொட்டகையில் வேலை செய்தவர்களை வேறு விமானங்களுக்கு அனுப்பினார். மதியம் வெற்றியைக் கொண்டாட மொத்தத் தளத்துக்கும் பீன்ஸ் போட்ட காரக் கறிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டிச் சுருளும் விருந்து வைத்திருந்தார்கள். நான் தட்டோடு உட்காரும்போது டுவேனிடமிருந்து போன் வந்தது. காமிராவை எடுத்துக்கொண்டு வா என்றார்.

நான் போனபோது அவர் இடது இறக்கையின் அடியில் ஏணி போட்டு ஏறியிருந்தார். கையில் பேட்டரியில் ஓடும் ரம்பம். அவருடைய வீட்டு கராஜில் கிடப்பது. அதைக் கொண்டு மாட்டுத் தொழுவத்துக்குக் குழாய் அறுத்ததை நான் பார்த்திருக்கிறேன். என்ன செய்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. போய்க் கதவைச் சாத்தினேன். வாழ்நாளில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அந்தக் கதவைச் சாத்தியதுதான் என்று நினைக்கிறேன்.

விரிசல் தொடங்கிய இடத்திலேயே ரம்பத்தை வைத்தார். நாற்பது நிமிடம் ஆனது. இரண்டு தடவை நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருபத்தாறு வருடம் கீறல் படாமல் பார்த்துக்கொண்ட விமானம். கடைசியில் உள்ளேயிருந்து ஒரு பெரும் முனகல் வந்தது. அவர் ஏணியிலிருந்து குதித்து ஓடி வந்தார். இறக்கை முதலில் ஒரு சாண் இறங்கியது. பிறகு அவசரமில்லாமல் சாய்ந்துகொண்டே போய், வெளி எஞ்சினின் விசிறி தரையில் மோதி வளைய, அப்படியே படுத்துவிட்டது.

டுவேன் படிவத்தைத் திறந்தார். "இடது இறக்கை தரையில் உள்ளது" என்று எழுதினார். சிவப்புக் குறி போட்டுக் கையெழுத்திட்டு, மணியையும் குறித்தார். பிறகு சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு, போலீஸ் வருவதற்காகக் காத்திருந்தார்.

அரசாங்க விமானத்தைப் பறக்க முடியாதபடி சேதப்படுத்திய குற்றம். இருபது வருடம் வரை உள்ளே போடலாம். ஆகஸ்டில் விசாரணைக்கு வந்தபோது கோர்ட்டில் நிற்க இடமில்லை. டுவேன் தான்தான் அறுத்தேன் என்றார், ஏன் என்றும் சொன்னார். அரசு வக்கீலுக்கு வேலையே இல்லை என்று எல்லோரும் நினைத்தோம். சம்பிரதாயத்துக்காக அவர் கர்னலைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, தரையில் படுத்திருக்கும் விமானத்தின் படத்தைக் காட்டினார். நான் எடுத்த படம்.

"கர்னல், இந்த விமானம் பறக்கத் தகுந்ததா?"

கர்னல் படத்தை வெகுநேரம் பார்த்தார். இல்லை என்றால் எட்டு ஏழாகும், மார்ச்சில் கொடுத்த கடிதம் பொய்யாகும், ஆறு விமானம் போதும் என்று தலைமையகம் மறுநாளே ஆள் அனுப்பும். முன்வரிசையில் ப்ரெஸ்டன் உட்கார்ந்திருந்தான்.

"பறக்கத் தகுந்தது சார்," என்றார். "முழுசா."

"இறக்கை தரையில கிடக்குதே?"

"அது அதோட இன்றைய நிலை சார். நிலை எதுவானாலும்னு சட்டத்திலேயே இருக்கு. ஒரு ராணுவ அதிகாரியா நான் என் கண்ணைவிட காங்கிரஸைத்தான் நம்பணும்."

நீதிபதி அம்மாள் சட்டத்தை வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். பறக்கத் தகுந்த விமானத்தை யாரும் பறக்க முடியாதபடி சேதப்படுத்தியிருக்க முடியாது, ஆகவே குற்றமே நடக்கவில்லை என்று தீர்ப்புச் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் எந்த மாறுதலும் இல்லை.

ஆனாலும் டுவேனை வேலையிலிருந்து நீக்கினார்கள். தளத்துக்குள் வரும் ஒவ்வொரு கருவியிலும் எண் பொறித்திருக்க வேண்டும், காலையில் கையெழுத்திட்டு எடுத்து மாலையில் திருப்ப வேண்டும் என்பது விதி. வீட்டிலிருந்து எண் இல்லாத ரம்பத்தைக் கொண்டுவந்தது மன்னிக்க முடியாத ஒழுங்கீனம். அதை டுவேனும் ஒத்துக்கொண்டார். அந்த விதி சரியான விதி, தான் செய்தது தப்புதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார்.

எட்டாவது விமானம் இப்போதும் ஹேங்கரில் அப்படியே கிடக்கிறது. பறக்கத் தகுந்த விமானம் மாதாமாதம் பயிற்சி நேரத்தை முடித்தாக வேண்டும். எனவே செவ்வாய்தோறும் டெஸ்ஸும் நாலு பேரும் தலைக்கவசத்தோடு அதில் ஏறுகிறார்கள். ஒரு பக்கம் சாய்ந்த இருக்கையில் வாரைக் கட்டிக்கொள்கிறார்கள். கட்டுப்பாட்டுக் கோபுரம் பறக்க அனுமதி தருகிறது. இரண்டு மணி நேரம் சீட்டு விளையாடுகிறார்கள். கோபுரம் இறங்க அனுமதி தருகிறது. பறந்த நேரம் இரண்டு மணி, குறை ஒன்றும் இல்லை என்று டெஸ் எழுதிக் கையெழுத்துப் போடுகிறாள். பிறகு ஐந்து பேரும் ஏணி வழியாக இறங்கி, வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்.